இடது பையில் அக்கா

அந்தப் பன்னிரண்டு வாரமும் தம்பி இரண்டு பை வைத்த சட்டைகளைத்தான் போட்டான். வலது பையில் அவனுடைய போன், இடது பையில் அக்காவுடைய போன். ஒரு மனுஷனுக்கு எதற்கு இரண்டு போன் என்று கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார். இது அக்காவுடையது என்றான். அப்படியானால் அக்கா யாரோடாவது பேச வேண்டுமென்றால் என்ன செய்வார் என்று அவர் கேட்டபோது, அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிடப் போய்விட்டான். பேசுவதற்காகவா அந்தப் போன் அவன் பைக்கு வந்தது?

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. காதோரம் நன்றாகவே நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அக்காவுக்கும் சரி, கடையில் முதலாளிக்கும் சரி, அவன் தம்பிதான். வேலை, கண் பார்வை சோதிப்பது. கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. ஒரு பக்கம் நாற்காலி, எதிர்ச் சுவரில் வெளிச்சப் பெட்டிக்குள் எழுத்துகள். வருகிறவர் மூக்கின்மேல் கனமான சட்டம் ஒன்றை மாட்டி, அதில் வட்ட வட்ட லென்ஸுகளைச் செருகியும் எடுத்தும், இது தெளிவா அது தெளிவா என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி ஜனங்கள் பயந்துபோய், எது சார் சரியான பதில் என்று அவனையே திருப்பிக் கேட்பார்கள். சரி தப்பு எதுவும் இல்லை, உங்கள் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள் என்பான். சில பேருக்கு, எடுத்த லென்ஸையே துடைப்பதுபோல் பாவனை செய்து மறுபடி போட்டு, இப்போது எப்படி என்பான். பத்தில் ஏழு பேர், முன்னதைவிட இது பரவாயில்லை என்பார்கள். மனுஷர்கள் சொல்லும் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தனக்கு அத்துப்படி என்று அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் தன்னைப் பற்றித்தான் ஜாடையாகப் பேசுகிறாள் என்று அக்கா சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முதலில் சிரித்தவன் தம்பி. நான்காம் நாள் அவளை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவனும் அவன்தான். எனக்கு ஒன்றுமே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வழி நெடுக அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் அவள் நம்பினாள். டாக்டர்கள் மனச்சிதைவு என்று எழுதினார்கள். முதல் நான்கு வருஷம் மருந்தின் அளவு கூடவும் குறையவுமாக ஒரே அல்லாட்டம். அளவு கூடின காலங்களில் அக்காவின் கை நடுங்கும், காலை பத்து மணிக்கே கண் சொருகும், கிடைத்த வேலை ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகும். பிறகு ஒரு நல்ல டாக்டரும் ஒரு சரியான அளவும் வாய்த்து, நிலைமை சமனாயிற்று. ஆறு வருஷமாக அக்கா ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைதான் அவளுக்கு உயிர்.

இப்படி இருக்கையில்தான் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்து ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள். மருந்தில் நன்றாக இருப்பவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்குவதற்கு முன்னால், அன்றாட மனநிலையில் அதற்கு ஏதாவது அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். தெரிந்தால், நோய் முற்றுவதற்கு முன்பே மருந்தைச் சரிசெய்துவிடலாம். தினமும் நான்கு முறை, எந்த நேரமென்று சொல்ல முடியாது, போன் அதிரும். ஐந்து கேள்வி. மனசு பாரமாக இருக்கிறதா? யாரும் வேண்டாம் என்று தோன்றுகிறதா? எதைச் செய்தாலும் என்ன பிரயோஜனம் என்று இருக்கிறதா? சுற்றி இருப்பதெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருக்கிறதா? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுவரை ஓர் எண்ணைத் தொட வேண்டும். ஒன்று என்றால் துளியும் இல்லை, ஏழு என்றால் தாங்க முடியவில்லை. அரைமணி நேரத்துக்குள் தொடவில்லை என்றால் கேள்வி மறைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கூடப் பிறந்து நோய் வராத ஒருவரும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நலமான உடன்பிறப்பு’. படிவத்தில் அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டபோது தம்பிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் அவனுக்கு யாரும் அதற்குமுன் பட்டம் கொடுத்ததில்லை.

முதல் நாளே சிக்கல் வந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். அக்கா வெளியே வந்து பார்த்தபோது இரண்டு கேள்விகள் மறைந்து போயிருந்தன. இதை ஆய்வு டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஏதாவது வழி சொல்லியிருப்பார். சொன்னால் எங்கே ஆய்விலிருந்து கழற்றி விட்டுவிடுவார்களோ என்று இரண்டு பேருக்கும் சங்கடம். அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனை ஒரேயடியாகத் தம்பி கையில் கொடுத்தாள்.

"நீயே போட்டுடுடா. என் மனசு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உனக்குத்தானே தெரியும்."

அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது, நிறைய நம்பிக்கையும் இருந்தது. தம்பி அந்த நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஏனோதானோவென்று அவன் போடவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வலது பை அதிர்ந்தால், ஒன்று ஒன்று ஒன்று ஒன்று ஒன்று என்று கட்டைவிரலால் தட்டிவிட்டு உள்ளே போடுவான். நான்கு விநாடி வேலை. அவன்தான் நலமானவனாயிற்றே, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இடது பை அதிர்ந்தால் விஷயம் வேறு. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போவான். அக்காவின் முகத்தை நினைத்துக்கொள்வான். இந்நேரம் எங்கே நின்றுகொண்டிருப்பாள், காலையில் எப்படிக் கிளம்பினாள், அவளுக்கு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசிப்பான். அப்படி யோசிக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு கனம் வந்து உட்காரும். பாவம் அக்கா என்று நான்கைத் தொடுவான். சில நாள் ஐந்து. குரல் கேட்கிறதா என்பதற்கு மட்டும் எப்போதும் ஒன்று. அது வந்திருந்தால் தனக்குத் தெரியாமல் போகாது என்பதில் அவனுக்கு உறுதி.

ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் அந்தக் கனம் சீக்கிரம் இறங்க மறுத்தது. அக்கா இவ்வளவு கஷ்டத்தை எப்படித்தான் வெளியே காட்டாமல் இருக்கிறாளோ என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

பதினோராவது வாரம் ஆய்வு டாக்டர் போன் செய்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், நிதானமாகப் பேசுகிற பெண். எடுத்த எடுப்பில் குண்டைத் தூக்கிப் போட்டார். அக்காவின் எண்கள் மூன்று வாரமாக ஏறிக்கொண்டே போகின்றனவாம். குரல்கள் இல்லை, ஆனால் மற்ற நான்கும் இந்த வேகத்தில் ஏறினால் சும்மா இருக்க முடியாதாம். வியாழக்கிழமை இருவரும் வர வேண்டும், மருந்தின் அளவைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டும் என்றார். கூடவே, தம்பியின் எண்கள் பாறை மாதிரி அசையாமல் இருப்பதாகவும், இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது நோயாளிக்குப் பெரிய பலம் என்றும் பாராட்டினார்.

தான் தொட்ட எண்கள்தான் மூன்றாம் மாடிவரை போய் டாக்டர் வாயால் திரும்பி வந்திருக்கின்றன என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றவே இல்லை. இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு விஷயம் கம்ப்யூட்டருக்குள் போய்க் கோடாக மாறி வெளியே வந்துவிட்டால், அதற்கு ஒரு தனி மரியாதை வந்துவிடுகிறது. நாம்தான் உள்ளே அனுப்பினோம் என்பது மறந்து போகிறது. நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் போயிற்று என்றுதான் தம்பி நினைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது அக்கா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். அவளுடைய விஷயமும் ஒன்று இருந்தது. ரொட்டி வெட்டும் இயந்திரத்தை இயக்க அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகப் போன வாரமே மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் சொல்லியிருந்தார். ஆறு வருஷம் பொட்டலம் கட்டியதற்குப் பிறகு கிடைத்த இடம். வரும் திங்கட்கிழமை பொறுப்பு ஏற்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு கடிதம் தேவை: மருந்து மாறவில்லை, கை நடுக்கம் இல்லை என்று. மருந்தைக் கூட்டினால் மூன்று மாதத்துக்கு அவளை எந்த இயந்திரத்தின் பக்கமும் விடமாட்டார்கள். அதற்குள் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் தம்பி சொன்னான்; போனால் அந்தக் கடிதத்தையும் கையோடு வாங்கிவிடலாம் என்று அவள் உற்சாகமாகச் சொன்னாள். மருந்துப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

அடுத்த நாட்களில் அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அக்காவைக் கவனித்தான். கவனிக்கக் கவனிக்கக் குழப்பம்தான் கூடியது. குளியலறையில் அவள் முணுமுணுத்தாள்; காதைக் கதவில் வைத்துக் கேட்டால், இயந்திரத்தை நிறுத்துவதற்கு முதலில் எந்தப் பொத்தான், அடுத்து எந்தப் பொத்தான் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சும்மா இருந்தவள் திடீரென்று சிரித்தாள். என்ன என்று கேட்டால், கூட வேலை செய்கிறவள் கையுறையை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் திணறினாளாம். மருந்து டப்பாவை எண்ணிப் பார்த்தான். ஒரு மாத்திரைகூடக் கூடவோ குறையவோ இல்லை. நன்றாக இருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நிம்மதி வரும். அடுத்த நிமிஷமே, அந்தத் தடவையும் நன்றாக இருக்கிறேன் என்றுதானே சொன்னாள், இந்தச் சந்தோஷமே ஓர் அறிகுறியோ என்று மனசு கேட்கும். இரண்டு லென்ஸுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும்போது கடையில் ஜனங்கள் பேந்தப் பேந்த விழிப்பார்களே, அந்த நிலைமை அவனுக்கு.

"என்னடா, தட்டுல போட்டது அப்படியே இருக்கு," என்றாள் அக்கா ஒருநாள் சாப்பிடும்போது. அவன் பேச்சை மாற்றினான். அவள் விடவில்லை. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, ராத்திரி எல்லாம் ஏன் புரண்டு புரண்டு படுக்கிறாய் என்று கேட்டாள். நோய் வருகிற நேரத்தில் மற்றவர்களைப் பற்றித் தேவையில்லாத சந்தேகம் வரும் என்று எங்கோ படித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான். இடையில் இடது பை அதிர்ந்தபோதெல்லாம் ஆறு, ஆறு, ஏழு, ஆறு என்று தொட்டான்.

வியாழக்கிழமை வந்தது. மூன்றாம் மாடியில் சின்ன அறை. ஜன்னல் ஓரமாக மேஜை, மேஜையில் பெரிய திரை, மூன்று நாற்காலிகள். அக்கா துவைத்துத் தேய்த்த சட்டையில் தொழிற்சாலை அட்டையைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். கடிதம் கேட்கப் போகிறவள், பொறுப்பான தொழிலாளி மாதிரித் தெரிய வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. தம்பி அந்த அட்டையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கீழே ஒரு பச்சைக்கோடு, மேஜை விளிம்பு மாதிரி நேராக. அது தம்பி. மேலே ஒரு சிவப்புக்கோடு, முதலில் தடுமாறித் தடுமாறி, பிறகு மலை ஏறுவதுபோல் ஏறியது. அது அக்கா. டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோய் வந்துவிட்டது என்று சொல்லவில்லை, வரலாம் என்ற கவலைதான்; இப்போது அளவைக் கொஞ்சம் கூட்டினால் பெரிய விபரீதத்தைத் தவிர்க்கலாம்; ஆனால் அக்காவின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டார்கள்.

அக்கா சிவப்புக்கோட்டையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும், சண்டை போடுவாள் என்று தம்பி எதிர்பார்த்தான். அப்படி வந்திருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். எண்களைத் தொட்டது யார் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும். அதை அவள் டாக்டரிடம் போட்டு உடைக்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள், மிகவும் தணிந்த குரலில்.

"இவ்வளவா இருந்துச்சு? எனக்குத் தெரியவே இல்லையேடா."

தம்பி சிவப்புக்கோட்டைப் பார்த்தான்.

அக்கா டாக்டரிடம், தான் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். நன்றாகத் தூங்குகிறாள், பசிக்கிறது, வேலைக்குப் போகப் பிடிக்கிறது. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தாள். அப்போது இவன்தான் கண்டுபிடித்தான். இவன் கண்ணுக்குத் தெரிந்தது தன் மனசுக்குத் தெரியாமல் போனது அப்போது, இப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது என்றாள். இவன் கண்ணுக்கு என்று அவள் சொன்னதை டாக்டர், தம்பி வீட்டில் கவனித்ததாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

நிச்சயப்படுத்திக்கொள்வதற்காகவோ என்னவோ, டாக்டர் கோட்டின் உச்சியில் விரலை வைத்து, பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான்கு ஏழுகள் வந்திருக்கின்றன, அன்றைக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டார். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்குத்தான் டாக்டர், மெஷினுக்கு என்னைப் போட்டிருக்கறதா சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான் அழுதுட்டேன், சந்தோஷத்துல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அது சந்தோஷம்னுதான் நான் நினைச்சேன். இப்ப யோசிச்சா எனக்கே நிச்சயமா தெரியல."

பிறகு பேனாவை எடுத்துச் சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

தம்பிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஒரு வாடிக்கையாளர் எழுந்து போனார். அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். எழுந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது; எழுந்திருக்கவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. எதிரே வெளிச்சப் பெட்டியில் எழுத்துகள் வரிசையாக நின்றன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரிசையை ஒப்பிக்கிறவன், அன்று அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே முதலாளி யாரிடமோ பேசுவது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. இடது பை அதிர்ந்தது. அக்காவுக்கு இந்நேரம் எப்படி இருக்கும் என்று வழக்கம்போல் யோசித்தான். அக்காவின் முகம் வரவில்லை. இருட்டும் அந்தக் கனமும்தான் வந்தன. ஏழு, ஏழு, ஏழு, ஏழு, ஒன்று. நாற்பது நிமிஷம் கழித்து முதலாளி கதவைத் தட்டினார். தலைவலி என்றான். அந்த நேரம் பார்த்து வலது பை அதிர்ந்தது. ஒன்று ஒன்று ஒன்று ஒன்று ஒன்று.

அதே நிமிஷம் ஊரின் இன்னொரு மூலையில் அக்கா எல்லோரும் கைதட்ட நின்று சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள்.

அக்கா பேனா மூடியைக் கழற்றினாள்.

"போடாதே அக்கா," என்றான் தம்பி. குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அது உன்னுடையது இல்ல. நான் போட்டது."

டாக்டருக்குப் புரியவில்லை. அவன் இரண்டு போன்களையும் எடுத்து மேஜைமேல் வைத்து, எந்தப் பையில் எது இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தான். தொழிற்சாலை வாசல், முதல் நாள் மறைந்து போன கேள்விகள், இருட்டறை, எல்லாவற்றையும் சொன்னான். கோர்வையாக வரவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எண்பது நாள் உழைப்பு, இரண்டு பேருடைய எண்களும் இனி எதற்கும் உதவாது. அவர் கோபப்பட்டிருந்தால் நியாயம்தான். ஆனால் அவர் முதலில் செய்தது, அந்தச் சம்மதப் படிவத்தை அக்காவிடமிருந்து வாங்கி நான்காக மடித்தது. பிறகு அக்காவிடம் நேராக, வாய்விட்டு, அந்த ஐந்து கேள்விகளையும் இன்னும் பலதையும் கேட்டார். கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அக்கா நீட்டிய கைகள் அசையாமல் நின்றன. மருந்தில் மாற்றம் எதுவும் தேவையில்லை, கடிதம் தருகிறேன் என்றார்.

தம்பிக்கு உயிர் வந்தது. இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனான். டாக்டர் அவனை உட்காரச் சொன்னார்.

"அப்ப இந்தச் சிவப்புக்கோடு யாருடையது?"

"அக்காவுடையதுன்னு நினைச்சுத்தான் டாக்டர் போட்டேன். சத்தியமா."

"நான் கேட்டது அது இல்லையே."

அவன் திரையைப் பார்த்தான். பச்சையைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். தொட்ட எண்களில் எது அக்காவுக்காக வருத்தப்பட்டுப் போட்டது, எது அவனுடையதேயான வருத்தம் என்று பிரிக்கப் பார்த்தான். பிடிபடவில்லை. எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கும் அவனால் சொல்ல முடியவில்லை. போன மாதமா, போன வருஷமா, பதினோரு வருஷமாகவேவா? நான் நலமான உடன்பிறப்பு டாக்டர், படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் நன்றாக இருக்காது என்று அந்தக் குழப்பத்திலும் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டான். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்று டாக்டர் நேராகவே கேட்டார். இல்லை என்றான், அது உண்மை. இரண்டாம் மாடியில் இன்னொரு டாக்டர் இருக்கிறார், நாளைக்குக் காலை அவரைப் பாருங்கள் என்று சொல்லிச் சீட்டில் நேரத்தை எழுதினார். அந்தச் சீட்டை அவனிடம் நீட்டினார். அவன் கை நீளாததால் அக்கா வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு சிமென்ட் பெஞ்சு. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். அக்காவின் ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் சீட்டு. அவள் திட்டுவாள் என்று தம்பி காத்திருந்தான். பதினோரு வருஷமாக அவளைத் தாங்கிக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். கடைசியில் அவளைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை.

அக்கா திட்டவில்லை. நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று மட்டும் சொன்னாள். நீ சொன்னால் எனக்குப் பைத்தியம் என்றுகூட நம்பியிருப்பேன், அது உன் தப்பு மட்டும் இல்லை, என் மனசைக் கொண்டுபோய் உன் பையில் போட்டவள் நான்தானே என்றாள்.

அப்போது வலது பை அதிர்ந்தது. ஆய்வுக் கணக்கிலிருந்து அவர்கள் பெயரை எடுக்க ஒருநாள் ஆகும் போலிருக்கிறது. கேள்விக்கு அதெல்லாம் தெரியாதே. தம்பி போனை எடுத்தான். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகவே ஒன்றின் பக்கம் போனது. அக்கா போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் கேக்கறேன், நீ சொல்லு. மனசு பாரமா இருக்கா? ஒண்ணுலேர்ந்து ஏழுவரைக்கும்."

அவன் யோசித்தான். ஒன்று என்று சொன்னால் பொய். ஏழு என்றால் மிகையோ என்று பட்டது. நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் ஏழு என்று சொல்ல வேண்டியதை நாம் எப்படிச் சொல்வது? மூன்று, நான்கு என்று நடுவில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. கடையில் தினமும் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன வார்த்தைகள் அவன் வாயிலிருந்தே வந்தன.

"எது அக்கா சரியான பதில்? நீயே பார்த்துப் போட்டுடேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்," என்றாள் அக்கா. "நீ சொன்னாத்தானே தெரியும்."

அவள் அவசரப்படுத்தவில்லை. திரையின் மூலையில் அரைமணி நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. இன்னொன்றும் போனது. ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தபோது தம்பி குனிந்தபடியே, "ஆறு," என்றான்.

அக்கா ஆறைத் தொட்டாள். ஏன், எதற்கு, எப்போதிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் விரல் நடுங்கவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"யாரும் வேண்டாம்னு தோணுதா?"

தம்பி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். கண் நிறைந்து, அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. இல்லை என்று தலையசைத்தான்.

"நம்பர் சொல்லணும்டா," என்றாள் அக்கா.